நான் அனுப்புனனுங்க

நவநீதனப் பத்தி விசாரிக்கவா வந்தீங்க? வாங்க, உள்ள வாங்க. செருப்ப அங்கயே விடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. ஃபேனுக்கு நேரா உக்காருங்க. கரூர்ல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க, இந்த வெயில்ல? தரணி, தண்ணி கொண்டா. கரூர்ல இருந்து வந்திருக்காங்க. நவநீதனுக்குப் பாத்திருக்கற பொண்ணுக்குத் தாய்மாமனாம்.

நீங்க பண்றதுதாங்க சரி. இப்ப யாரு வீடு தேடி வந்து கேக்கறாங்க? போட்டோவப் பாக்கறாங்க, ஜாதகத்தப் பாக்கறாங்க, முடிச்சுப் போடறாங்க. அப்புறம் உக்காந்து அழுகறாங்க. ஒரு பொண்ணக் குடுக்கறதுன்னா நாலு பேர்த்தக் கேட்டுத்தான் குடுக்கணும். அதுலயும் கூட இருந்து வேலை செஞ்சவனக் கேக்கணும். என்னைய மாதிரி அவனத் தெரிஞ்சவன் வேற யாரும் கெடையாதுங்க. அவனப் பெத்தவங்களுக்குக்கூடத் தெரியாது.

குடிப்பானான்னா, குடிக்க மாட்டான். சிகரெட் இல்ல. வேற பழக்கமும் கெடையாது, பொய் சொல்லக் கூடாது பாருங்க. ஆனா அதெல்லாம் வெச்சு ஒரு மனுசன எடை போட முடியுங்களா? தோள்மேல கையப் போட்டுக்கிட்டே, நமக்குத் தெரியாம நம்ம முதுகுக்குப் பின்னால ஒரு காரியம் பண்றவன் இருக்கறான் பாருங்க, அவன் குடிகாரன விட மோசமுங்க. குடிகாரன்னா வாசத்துலயே தெரிஞ்சு போகும்.

தண்ணி குடிங்க. இவதான் எங்க வீட்டுக்காரி. இவகிட்ட மட்டும் அவனப் பத்திக் கேட்டுறாதீங்க. இவ அவன் பக்கம். நேத்து வரைக்கும் அவங்கம்மாவுக்கு முறுக்குச் சுட்டுக் குடுத்தனுப்பறா. போ, போயி காபி போடு. சர்க்கரை போடலாங்களா உங்களுக்கு? போடலாமாம்.

நானும் அவனும் காலேஜுல ஒரே பெஞ்சு. படிச்சு முடிச்சு ஒரே கம்பெனி. சொந்தமா ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு சொன்னது நான். யோசனை என்னோடது. எடமும் என்னோடது, இந்த வீட்டு மாடிதான் ஆபீஸ். அவன் ஒரு நாள் யோசிச்சுட்டு, சரி வர்றேன்னுட்டான். நான் அவனக் கூடப் பொறந்தவனாட்டந்தான் வெச்சிருந்தேன். மதியம் சோறு இங்கதான். இவளே போட்டுருவா.

நாங்க என்ன செஞ்சோம்னு சொன்னாத்தான் அவன் செஞ்சது உங்களுக்குப் புரியும். கம்ப்யூட்டர் தெரியாட்டிப் பரவால்லீங்க, நான் சொல்ற விதத்துல சொல்றேன்.

பல்லடத்துக்கு அந்தப் பக்கம் அய்யாசாமி அண்ணன்னு ஒருத்தரு ஹேச்சரி வெச்சிருக்காரு. முட்டைய மெஷினுக்குள்ள அடுக்கிக் குஞ்சு பொரிக்க வெக்கற எடம். மூணு வாரம் சூடு ஒரே மாதிரி நிக்கணுங்க. ஏறுனாலும் போச்சு, எறங்குனாலும் போச்சு. உள்ள இருக்கறது உசுரு பாருங்க. அந்த மெஷின்கள்ல சென்சார் மாட்டி, ஆபீஸ் ரூம்ல இருக்கற கம்ப்யூட்டர்ல எல்லா மெஷினோட சூட்டையும் காட்டற மாதிரி ஒரு ஆப் செஞ்சு குடுத்தோம். எங்களுக்கு மொதல் வேலை அது. நான் அதுக்கு ஹேச் கண்ட்ரோல் புரோன்னு பேரு வெக்கலாம்னேன். அவன் இளஞ்சூடுன்னு வெச்சான். சரி, விட்டுக் குடுத்தேன். அப்பவே விட்டுக் குடுத்திருக்கக் கூடாது.

அந்த ஆப்புல ரெண்டு பாதிங்க. முன்பாதி கண்ணுக்குத் தெரியறது. எண்ணு, கலரு, பட்டன். போன்ல வெப்சைட் பாக்கறீங்கள்ல, அதே சமாச்சாரந்தான், கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல ஒரு ஜன்னலுக்குள்ள இருக்கும். அது அவன் வேலை. பின்பாதி யாரு கண்ணுக்கும் தெரியாது. சென்சார்கிட்டப் பேசறது, கணக்குப் போடறது, எல்லை தாண்டுதான்னு பாக்கறது எல்லாம் பின்பாதி. அது நானு. உண்மையான வேலை பின்னாலதான் நடக்குது. ஆனா பாக்கறவங்க எல்லாம் முன்னாலதான் பாத்து ஆகா ஓகோன்னுவாங்க.

இப்ப பின்னால நடக்கறது முன்னால தெரியணும்ல? அதுக்குப் பின்பாதி ஒரு பேரச் சொல்லிக் கூப்புடும். 'சூடு மாறிருச்சு, இதா எண்ணு' அப்படின்னு. எங்க பாஷையில அத ஈவென்ட்டுன்னுவோம். அனுப்பறதுக்கு எமிட்டுன்னு பேரு. முன்பாதி அந்தப் பேருக்குக் காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கணும். கேட்ட ஒடனே எண்ண மாத்திக் காட்டணும். அவ்வளவுதான். நான் அனுப்பணும், அவன் கேக்கணும். இதுல என்னங்க சண்டை வரும்?

வந்துச்சு.

சென்சார் ஒரு நொடிக்கு எத்தன தடவ சொல்லுதோ அத்தன தடவையும் நான் அனுப்பிருவேன். எதையும் மறைக்கறது எம்பட சுபாவம் இல்லீங்க. இவன் வந்து, 'பூபதி, கொஞ்சம் கொறச்சு அனுப்புடா, ஸ்கிரீனு தெணறுது. எண்ணு மாறுனா மட்டும் அனுப்பு, போதும்'ங்கறான். நான் ஏன் கொறைக்கணும்? உள்ளத உள்ளபடி அனுப்பறேன். உன்னால வாங்க முடியலீன்னா அது உன்பட கொறை. அப்படின்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டான். சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

அப்புறம் ஒரு நாள் அவன் கம்ப்யூட்டருக்கு எழுதுன புரோகிராம் கோடத் தொறந்து பாக்கறேன். என்ன பண்ணி வெச்சிருக்கறான்? நான் அனுப்பறது மொத்தத்தையும் அவன் பக்கம் ஒரு எடத்துல வாங்கித் தேக்கி வெச்சுக்கிட்டு, கடைசியா வந்தத மட்டும் ஸ்கிரீன்ல காட்டறான். நான் அனுப்பறதுல முக்காவாசி அங்கயே செத்துப் போகுது! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஸ்கிரீனு நல்லா ஓடுச்சு, அது வாஸ்தவம். ஆனா என்னன்னு நெனச்சிட்டிருந்தேன் நானு? நான் எழுதுனது நல்லா இருக்கறதாலதான் ஓடுதுன்னு நெனச்சிட்டிருந்தேன். ஒருத்தன அப்படி நெனைக்க விடறது ஏமாத்து இல்லீங்களா?

இன்னொண்ணும் சொல்றேன். வேலை நேரத்துல ரெண்டு நாள் காணாமப் போயிட்டான். எங்கடான்னா ஹேச்சரியில உக்காந்திருந்தானாம். அங்க மல்லிகான்னு ஒரு அம்மா, அவங்கதான் ஸ்கிரீனப் பாத்துக்கறவங்க. அவங்க எப்படிப் பாக்கறாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாத்தானாம். அந்தம்மாவுக்குக் கிட்டத்துப் பார்வை கம்மி, கண்ணாடி போட மாட்டேங்கறாங்கன்னு வந்து எண்ண எல்லாம் பனங்கா சைஸுக்குப் பெருசு பண்ணுனான். என்னோட வரைபடம், புள்ளி விவரம் எல்லாத்தையும் ஒரு ஓரத்துக்குத் தள்ளிட்டான். நான் இங்க மாடியில தனியா உக்காந்து ராப்பகலா எழுதிட்டிருக்கறேன், இவன் அங்க போயி டீ குடிச்சுட்டு ஊர்க்கதை பேசிட்டு வர்றான். அந்தம்மாவுக்கு இவன்னா உசுரு. எதுனா ஒண்ணுன்னா இவனுக்குத்தான் போன். எம்பட நம்பரும் அவன் நம்பர் இருக்கற அதே சுவத்துலதான் எழுதி ஒட்டியிருக்குது.

காபி எடுத்துக்குங்க. சூடா இருக்குது, பாத்து.

இதெல்லாம் பொறுத்துக்கிட்டனுங்க. நட்புன்னா அப்படித்தான். ஆனா காதுகுத்து அன்னிக்கு நடந்தது இருக்குதுங்களே, அத மட்டும் என்னால மறக்க முடியல.

அய்யாசாமி அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. ஞாயித்துக்கெழம, அவங்க கொலதெய்வக் கோயில்ல கெடா விருந்து. எங்க ரெண்டு பேர்த்தையும் வீட்டுக்கு வந்து வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்டுட்டுப் போயிருந்தாரு. அன்னிக்குக் காலையில குளிக்கறதுக்கு முன்னால நான் ஒரு சின்ன வேலை பண்ணுனேன். ஓசூர்ல ஒரு பெரிய கம்பெனிக்காரங்க எங்க கோடப் பாக்கறோம்னு சொல்லியிருந்தாங்க. அதுல பேரெல்லாம் கன்னாபின்னான்னு இருந்துச்சு. எல்லை தாண்டுனா அனுப்பற எச்சரிக்கைக்கு 'சூடு'ன்னு பேரு. அவன் வெச்சது. பெரிய மனுசங்க பாக்கறப்ப அப்படியா இருக்கறது? அதுக்கு மட்டும் அழகா, ஒழுங்கா, இங்கிலீஷ்ல வேற பேரு வெச்சேன். வீட்டுல இருந்தே ஹேச்சரி கம்ப்யூட்டர்ல பின்பாதிய மட்டும் அப்டேட் பண்ணிவிட்டேன். குரூப்புலயும் போட்டேன். 'பேரு மாத்தியாச்சு'ன்னு. நல்லாக் கேட்டுக்குங்க, குரூப்புல போட்டேன்.

யாரெல்லாம் அந்த குரூப்புல இருக்காங்கன்னா, நாங்க ரெண்டு பேருதான்.

கோயிலுக்கு ஒரே பைக்குலதான் போனோம். அவன் ஓட்டுனான், நான் பின்னால. வழியெல்லாம் பேசிட்டுத்தான் போனோம். இதப் பத்திப் பேசலையான்னு கேப்பீங்க. நான் எதுக்குங்க பேசணும்? போட்டாச்சுல்ல? பைக் ஓட்டறவனுக்குப் போனப் பாக்க முடியாதுன்னா எறங்கி நின்னு பாக்க வேண்டியதுதான?

பந்தியில எலை போட்டுக் கறி வெச்சுட்டாங்க. அவனும் நானும் பக்கத்துல பக்கத்துல. அய்யாசாமி அண்ணன் நின்னு கவனிக்கறாரு. அப்ப அவன் போன் அடிக்குது. மல்லிகாம்மா. பேசுனவன் மொகம் மாறிப் போச்சு. எச்சக் கையோட எந்திரிச்சான்.

'அண்ணா, மூணாவது மெஷின்ல சூடு ஏறிட்டிருக்குதாம். அலாரம் அடிக்குது. மல்லிகாக்கா கதவத் தொறந்துட்டாங்களாம்'னான்.

அய்யாசாமி அண்ணன் ஜீப்ப எடுத்தாரு. நாங்க ரெண்டு பேரும் பின்னால ஏறுனோம். விருந்துக்கு வந்த சனமெல்லாம் பாத்துட்டு நிக்குது. எனக்கு ஜீப்புல போகப் போக ஒரு பெருமைங்க, ஒளிக்காமச் சொல்றேன். அலாரம் அடிச்சிருச்சு பாத்தீங்களா, நம்ம எச்சரிக்கை சரியான நேரத்துக்குப் போயிருச்சு பாத்தீங்களான்னு. அண்ணங்கிட்ட சொல்லவும் சொன்னேன். 'கவலப்படாதீங்கண்ணா, நம்ம சிஸ்டம் புடிச்சிருச்சு'ன்னு. இவன் போனத் தொறந்து எதையோ படிச்சுட்டிருந்தான். படிச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாத்தான். அப்ப எனக்குப் புரியல.

அங்க போனா மெஷின் கதவு ரெண்டும் தொறந்து கெடக்குது. மெஷினுக்குள்ள சுத்தற காத்தாடியோட பெல்ட் அறுந்து போயிருந்துச்சு. மல்லிகாம்மா வீட்டுல இருந்து ஸ்டாண்ட் ஃபேனத் தூக்கிட்டு வந்து வெச்சு, முந்தானையால விசிறிக்கிட்டு நிக்கறாங்க. மொகமெல்லாம் வேர்த்து ஊத்துது. அழுகறாங்களா வேர்வையான்னே தெரியல. அண்ணன் நேரா உள்ள போயி ஒரு முட்டைய எடுத்து டார்ச்சு அடிச்சுப் பாத்தாரு. இன்னொண்ணப் பாத்தாரு. நாங்க வாசல்லயே நின்னோம். கொஞ்ச நேரம் கழிச்சு, 'அசையுது'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. மல்லிகாம்மா அப்படியே கீழ உக்காந்துட்டாங்க.

நான் ஆபீஸ் ரூமுக்குள்ள போனேன். ஸ்கிரீனு பூராச் செவப்பு. இவ்வளவு பெரிய எழுத்துல, 'மூணாவது மெஷின். கதவத் தொறங்க'ன்னு இருக்குது. அது அவன் எழுதுனது, சரி. அதுக்குக் கீழ ஒரு வரிங்க. சின்ன எழுத்துல. 'பின்பக்கமிருந்து எச்சரிக்கை வரவில்லை.'



வரலையாம்! நான் அனுப்புனனுங்க. பின்னால பதிவு இருக்குது, வேணும்னா இப்பக்கூட எடுத்துக் காட்டறேன். எல்லை தாண்டுன அந்த நொடியில இருந்து எம்பட கோடு கத்திட்டே இருந்திருக்குது. விடாமக் கத்தியிருக்குது. புதுப் பேரச் சொல்லி. முன்பாதி பழைய பேருக்குக் காதத் தீட்டிட்டு உக்காந்திருந்தா அதுக்கு நான் என்னங்க பண்றது? இதுல ஒரு விசயம் உங்களுக்குச் சொல்லணும். பேரு ஒரு எழுத்து மாறுனாலும் அது கேக்காது. கேக்கலைன்னு அனுப்புனவனுக்கும் தெரியாது. தப்புன்னு ஒரு வார்த்தை எங்கயும் வராது. அனுப்புனா அனுப்புனதுதான். அதோட எமிட்டு முடிஞ்சுது. அதோட கொணமே அப்படி.

அப்ப அலாரம் எப்படி அடிச்சுதுன்னு கேக்கறீங்களா? அங்கதாங்க இருக்குது துரோகம். எண்ணு மட்டும் பழைய பேருலயே போயிட்டிருந்துச்சுல்ல, இவன் எனக்குத் தெரியாம முன்பாதியில அந்த எண்ணப் பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி ஒண்ணு எழுதி வெச்சிருந்திருக்கறான். எண்ணு எல்லையத் தாண்டியும் எங்கிட்ட இருந்து எச்சரிக்கை வரலீன்னா, அதுவே அலாரம் அடிக்கற மாதிரி. எல்லை தாண்டுதான்னு பாக்கறது யாரு வேலை? என் வேலை. என் வேலைய, எனக்குத் தெரியாம, என் பின்னால ஒரு காவக்காரனப் போட்டுப் பாத்திருக்கறான். எத்தன நாளா? எத்தன மாசமா? நான் அவங்கூட உக்காந்து சோறு தின்னுட்டிருந்த நாளெல்லாம் அது அங்க இருந்திருக்குது.

அது கூடப் பரவால்லீங்க. அடுத்து ஒண்ணு பண்ணுனான்.

அய்யாசாமி அண்ணன் கையத் தொடச்சிக்கிட்டே உள்ள வந்தாரு. அந்தச் செவப்பு ஸ்கிரீனப் பாத்தாரு, படிச்சாரு. 'இது என்னப்பா, எச்சரிக்கை வரலைன்னு இருக்குது?'ன்னாரு. நான் முந்திக்கிட்டேன். தொழில்னா அப்படித்தாங்க, கஸ்டமர்கிட்ட எல்லாத்தையும் அவுத்துப் போட முடியுங்களா? 'கரண்டு கோளாறுங்கண்ணா. ஓல்டேஜ் ஏறி எறங்கறப்ப இந்த மாதிரி ஒரு வரி வரும். ஒண்ணும் இல்லீங்க'ன்னேன். அவரும் தலையாட்டுனாரு. முடிஞ்சு போச்சு. அதோட முடிஞ்சிருக்கும்.

இவன் பக்கத்துல நிக்கறான். நவநீதன். என்னையப் பாக்கல. அவர மட்டும் பாத்துச் சொல்றான்.

'இல்லீங்கண்ணா. கரண்டு இல்ல. தப்பு எங்க பக்கந்தான். எச்சரிக்கையோட பேர மாத்துனோம், ஸ்கிரீன்ல மாத்தல. அதனால அது வந்து சேரல. இன்னிக்கே சரி பண்ணிடறோம். இன்னொருக்கா இப்படி ஆகாது.'

கேட்டீங்களா? எங்கூடப் படிச்சவன், எம்பட வீட்டுச் சோத்தத் தின்னவன், எம்பட கஸ்டமர்கிட்ட, எம்முன்னாலயே, என்னையக் காட்டிக் குடுத்துட்டான். 'பூபதி மாத்துனான்'னு சொல்லல, அது நெசந்தான். 'மாத்துனோம்'னான். 'எங்க பக்கம்'னான். ஆனா அண்ணன் யாரப் பாத்தாரு தெரியுங்களா? என்னையத்தான் பாத்தாரு. கரண்டுன்னு சொன்னது நான்தான பாருங்க. அவன் தோளத் தட்டி, 'உள்ளதச் சொன்ன பாரு, அது போதும் தம்பி'ன்னாரு. எங்கிட்ட, 'சாப்புடாம வந்துட்டீங்க, கோயிலுக்கு வாங்க, சாப்புடலாம்'னாரு. திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும்.

நான் சாப்புடப் போகல. பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்.

சாயங்காலம் மாடிக்கு வந்தான். கையில ஒரு தூக்குப் போசி. கறிக் கொழம்பு, அண்ணன் எனக்குன்னு குடுத்து விட்டாராம். அத நான் தொடல. நேராக் கேட்டேன்.

'எதுக்குடா எனக்குத் தெரியாம அத எழுதி வெச்ச?'

'தெரியாம இல்ல பூபதி. சொன்னேன். மூணு தடவ சொன்னேன். நீ ஹெட்போனக் கழட்டவே இல்ல. சரி சரின்னு தலையாட்டுன.'

'எம்மேல நம்பிக்கை இல்லைன்னு நேராச் சொல்லு.'

'உம்மேல இருக்குதுடா. அனுப்புனதெல்லாம் போயிச் சேந்துரும்னுதான் நம்பிக்கை இல்ல. எனக்குக் கேட்டுச்சான்னு நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கறியா?'

பாத்தீங்களா பேச்ச? நான் எதுக்கு அவனக் கேக்கணும்? வேலை செய்யறவன் வேலையச் செஞ்சுட்டுப் போயிட்டே இருப்பான். திரும்பித் திரும்பிப் பாத்துட்டு நிக்க மாட்டான். அத அவங்கிட்டச் சொன்னேன். அவன் போசிய மேஜை மேல வெச்சுட்டு, 'சாப்புடு, ஆறிப் போயிரும்'னுட்டு எறங்கிப் போயிட்டான்.

அன்னிக்குப் போனவன்தான். என்னைய விட்டுட்டுப் போயிட்டான். அத்தனை வருச சிநேகிதம், திரும்பிப் பாக்கல.

என்ன சொல்றீங்க? அவனா போனானா நான் போகச் சொன்னேனான்னா? அவனாத்தாங்க போனான். மறுநாள் காலையில அவன் பாஸ்வேர்டெல்லாம் நான் மாத்திட்டேன், அது ஒரு பாதுகாப்புக்கு. மாடிக் கதவுக்குப் பூட்டும் மாத்துனேன். வந்து கீழ நின்னு கூப்பிட்டானாம், தரணி சொன்னா. நான் ஹெட்போன் போட்டிருந்தேன், கேக்கல. அவன் நம்பர் எம்பட போன்ல பிளாக்குல கெடக்குது. அதுக்காக? பேசணும்னு மனசுல இருந்தா வேற நம்பர்ல இருந்து கூப்புட்டிருக்கலாம்ல?

தரணி, நீ எதுக்கு இப்ப உள்ள இருந்து தொண்டையக் கனைக்கற? நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்?

அவ அப்படித்தாங்க. கண்டுக்காதீங்க.

ஹேச்சரியா? ஓடுதுங்க, நல்லா ஓடுது. அய்யாசாமி அண்ணன் இன்னும் நம்ம ஆப்பத்தான் வெச்சிருக்காரு. பேர நான் சரி பண்ணிட்டேன். அவன் எழுதி வெச்ச அந்தக் காவக்காரன் இருக்குதுல்ல, அத அன்னிக்கே தூக்கிப் போட்டறலாம்னு உக்காந்தேன். அழிச்சும் பாத்தேன். அப்புறம் மறுக்காப் போட்டுட்டேன். எதுக்குன்னு கேட்டா... வேலை மும்முரத்துல அதுல போயி எதுக்குக் கைய வெக்கணும்னு விட்டுட்டேன். ஓடுனா ஓடிட்டுப் போகட்டும். எனக்கென்ன அதுனால?

இப்பப் புது ஆளு ஒருத்தன் முன்பாதிக்கு வந்திருக்கறான். நல்ல பையந்தான். நான் என்ன அனுப்புனாலும் வாங்கிக்குவான். எதுத்து ஒரு வார்த்தை கேக்க மாட்டான். ஹேச்சரி எந்தத் திக்குல இருக்குதுன்னே அவனுக்குத் தெரியாது. மாடியில ஒரு சத்தம் இருக்காதுங்க இப்ப. சில நாளு மத்தியானம் தரணி சோறு போட்டுட்டு, பழக்க தோசத்துல ரெண்டு தட்டு வெச்சுருவா. நான் ஒண்ணும் சொல்றதில்ல.

ஆக, இதுதாங்க நவநீதன். நீங்களே யோசிச்சுப் பாருங்க. எதையும் சும்மா நம்ப மாட்டான், ஒண்ணுக்கு ரெண்டு தடவ சரி பாப்பான். நாம வேண்டாம்னு சொன்னாலும் நமக்குத் தெரியாமப் போயி நம்ம வேலைய முட்டுக் குடுத்துட்டு வருவான். யாரோ ஒரு அம்மாவுக்குக் கண்ணு தெரியலைன்னு ரெண்டு நாளு போயி உக்காந்திருப்பான். நாலு பேரு முன்னால தப்புன்னா தப்புன்னு சொல்லிப் போடுவான், சொந்தம் பந்தம் பாக்க மாட்டான். இப்படிப்பட்டவங்கிட்ட உங்க பொண்ணு எப்படிங்க காலந்தள்ளும்? உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன். எனக்கு இதுல ஒரு லாபமும் கெடையாது.

எதுக்குங்க சிரிக்கறீங்க?

என்னங்க, அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க? யாருக்குப் போன்? பொண்ணோட அம்மா, உங்க அக்காவுக்கா? பேசுங்க, பேசுங்க.

...ஏனுங்க, என்ன சொன்னீங்க அவங்ககிட்ட? 'முடிச்சுரலாம்'னீங்களே. எத முடிக்கறது? வேண்டாம்னு முடிக்கறதுங்களா?

கல்யாணத்த நிச்சயம் பண்றதா!

நான் இத்தன சொல்லியுமா?

சரிங்க. உங்க இஷ்டம். நான் என்ன சொல்ல முடியும்? வந்தீங்க, கேட்டீங்க, சொன்னேன். இருங்க, வாசல் கேட்டு வரைக்கும் வர்றேன். அந்தத் தாழ்ப்பா கொஞ்சம் இறுகிக் கெடக்கும்.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன் பாருங்க. எம்பட வீடு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரு சொல்லி வந்தீங்க? புரோக்கருங்களா?

அவனா?

நவநீதனேவா சொன்னான்?

எங்கிட்டக் கேக்கச் சொல்லியா? எதுக்கு எங்கிட்ட? வேற ஆளு கெடைக்கலையா அவனுக்கு? இப்ப அவன் வேலை செய்யற எடத்துல எத்தன பேரு இருக்காங்க, அவனப் பத்தி நல்ல வார்த்தையாச் சொல்றதுக்கு. எங்கிட்ட அனுப்பி வெச்சா நான் என்ன சொல்லுவேன்னு அவனுக்குத் தெரியாதா?

...

இன்னொருக்காச் சொல்லுங்க. அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க.

'பூபதி எம்மேல கோவமா இருக்கறான். ஆனா பொய் சொல்ல மாட்டான். அவங்கிட்டக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.'

அப்படியா சொன்னான்.

பொய் சொல்ல மாட்டான்னா சொன்னான்?

இல்லீங்க, கண்ணுல தூசி. இந்தத் தெருவுல எப்பவும் இப்படித்தான், ஒரு லாரி போனாப் போதும்.

நீங்க கெளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாகுது. அவனப் பாத்தீங்கன்னா நான் சொன்னதெல்லாம் சொல்லுங்க. எதையும் மறைக்க வேண்டாம், நான் திட்டுனது, துரோகின்னு சொன்னது, எல்லாத்தையும் சொல்லுங்க. அந்தக் கரண்டுக் கோளாறுன்னு சொன்னேன் பாருங்க அய்யாசாமி அண்ணங்கிட்ட, அத மட்டும் நீங்க சொல்ல வேண்டியதில்ல.

அவனுக்குத் தெரியுமுங்க. பக்கத்துலதான் நின்னுட்டிருந்தான்.